எழுபது வயது மல்கோவாவை எவ்வளவு வெட்டலாம்?

சேலம் மாவட்டம் குப்பனூர் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தாத்தா வைத்த மல்கோவா மரம், வயது எழுபதுக்கு மேல். நான்கைந்து வருடமாகக் காய்ப்பு சரியில்லை. உச்சிக் கிளைகள் காய்ந்துகொண்டு வருகின்றன, அடிமரத்தில் ஆள் உயரத்தில் ஒரு பொந்தும் இருக்கிறது. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கும் சித்தப்பா, "இடுப்பு உயரத்தில் வெட்டிவிடு, காபிச் செடி மாதிரி துளிர்த்து வரும்" என்கிறார். பக்கத்துத் தோப்புக்காரரோ மரத்தை எடுத்துவிட்டுப் புது ஒட்டுக் கன்று வைக்கச் சொல்கிறார். வெட்டினால் துளிர்க்குமா, மரமே போய்விடுமா?

நீங்கள் கேட்டதில் இரண்டு ஆசைகள் கலந்திருக்கின்றன. மரம் மறுபடி நன்றாகக் காய்க்க வேண்டும் என்பது ஒன்று, தாத்தா வைத்த மரம் சாகக் கூடாது என்பது இன்னொன்று. முதலாவது மட்டும்தான் வேண்டும் என்றால் கொஞ்சம் துணிந்து வெட்டலாம், போனால் போகட்டும் என்று. இரண்டாவதுதான் முக்கியம் என்றால் வெட்டுகிற அளவும் வேகமும் வேறு. நீங்கள் எழுதிய தொனியைப் பார்த்தால் இரண்டாவதுதான் பெரிது என்று படுகிறது. அப்படி எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். நான் தோட்டக்கலை படித்தவன். அயோத்தியாப்பட்டணம், வரகம்பாடி பக்கத்து மாந்தோப்புகளில் கவாத்து வேலையோடு, அதாவது கிளை வெட்டிச் சீர்செய்வதோடு, வெகுகாலம் புழங்கியவன். ஆனாலும் நீங்கள் போட்ட இரண்டு படங்களை வைத்துப் பொந்தின் ஆழத்தையோ வேரின் நிலையையோ சொல்லிவிட முடியாது. அதை நேரில் மரத்தைத் தட்டிப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

சித்தப்பா சொல்வது காபிக்கு நூற்றுக்கு நூறு சரி. மூப்படைந்த அரபிகாச் செடியைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சாய்வாக வெட்டி, கிளம்பி வரும் துளிர்களில் ஒன்றிரண்டை மட்டும் நிறுத்தி வளர்ப்பது எஸ்டேட்டில் காலங்காலமாக நடக்கிற வேலை. அங்கே வெட்டுப்படுவது கைக்கு அடங்கும் தண்டு, மேலே நிழல் மரமும் இருக்கிறது. உங்கள் மாமரத்தின் அடிமரத்தை இரண்டு பேர் கைகோத்தால்தான் வளைக்க முடியும். அந்த அகலக் காயம் இந்த மரத்தின் ஆயுளுக்கும் மூடாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒட்டு. அந்தக் காலத்து மல்கோவா பெரும்பாலும் ஒட்டு மரம், அதாவது ஏதோ ஒரு மாங்கொட்டையில் முளைத்த கன்றோடு மல்கோவாக் கிளையை இணைத்து வளர்த்தது. ஒட்டு போட்ட இடம் தரைக்குச் சற்று மேலே இருக்கும். அடியோடு வெட்டி, ஒட்டுக்குக் கீழிருந்து துளிர் வந்தால் அது மல்கோவாவாக இருக்காது. எந்தக் கொட்டையில் முளைத்த கன்றோ அதன் பழம்தான் வரும். இளமரமாக இருந்தால் இடுப்பளவில் வெட்டினாலும் துளிர்க்க நல்ல வாய்ப்பு உண்டு. எழுபது வயதில் அது சூதாட்டம்.

வாளை எடுப்பதற்கு முன்னால், காய்ப்புக் குறைந்ததற்கு வயதுதான் காரணமா என்று பாருங்கள். மல்கோவா இயல்பிலேயே கஞ்சத்தனமாகக் காய்க்கும் ரகம். ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் ஏமாற்றும். கிளிமூக்கு என்று நாம் சொல்லும் பெங்களூராவோடு அதை ஒப்பிடவே கூடாது, அது வருடா வருடம் கொட்டும் ஜாதி. பழத்தின் சுவைக்காகத்தான் அந்த நாளில் வீட்டுக்கு ஒரு மல்கோவா வைத்தார்கள். இரண்டாவதாக, தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தீர்களா? குத்தகைதாரர் கல்டார் ஊற்றியிருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேக்லோபூட்ரசால் என்ற அந்த மருந்து தளிர் வளர்ச்சியை அடக்கிப் பூவைத் தள்ளும். மண்ணில் நெடுநாள் தங்கும். வருடா வருடம் அதை வாங்கிய கிழமரத்தைக் கவாத்து செய்தால் துளிர்கள் குட்டையாக, கொத்துக்கொத்தாக, முறுக்கிக்கொண்டு வரும். அந்த மரத்துக்கு ஒரு வருடமாவது ஓய்வும் எருவும் கொடுத்த பிறகே வாள் வைக்க வேண்டும். மூன்றாவது கேள்வி, காய்ப்புக் குறைவதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்னால் மரத்தடியில் என்ன நடந்தது? பைப் போட ஜேசிபி வைத்துத் தோண்டினீர்களா, மண் கொட்டி மேடாக்கினீர்களா, டிராக்டர் ஆழமாக உழுததா? உச்சி காய்வது பல நேரம் வேரில் விழுந்த அடியின் அடையாளம். மாமரத்தின் உணவு வேர்கள் மேல்மண்ணில், கிளை விரிந்த எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கும். கோளாறு அங்கே இருந்தால் மேலே எவ்வளவு அழகாக வெட்டினாலும் பயனில்லை.

வேரும் சரியாக இருக்கிறது, வயதுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது உச்சி காய்வதைச் சாவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிழமரம் தன்னைத் தானே சுருக்கிக்கொள்ளும். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றுவது அதற்குக் கட்டுப்படியாகாது. அதனால் மேலே விட்டுவிட்டு, கீழே, அடிமரத்திலும் பெரிய வாதுகளின் (பருத்த கிளைகளின்) முட்டியிலும் புதிதாகத் தளிர் விடும். உங்கள் இரண்டாவது படத்தில் பொந்துக்கு ஒரு முழம் மேலே அப்படி ஒரு கொத்து தெரிகிறது: செம்பு நிறத்தில், துவண்டு தொங்கும் ஆறேழு இலைகள். அதற்குக் கீழே பழைய துளிர் ஒன்று பென்சில் கனத்துக்குப் பச்சைத் தண்டாக முற்றியிருக்கிறது. இதைத்தான் நம் ஆட்கள் "நீர்ப்போத்து, சத்தை உறிஞ்சும்" என்று அருவாளால் சீவிவிடுவார்கள். இளமரத்தில் அது நியாயம். கிழமரத்தில் அதுதான் அடுத்த முப்பது வருடத்துக்கான கிளை. அதைச் சீவாதீர்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

ஆக, கவாத்தின் வேலை மரம் தானே தொடங்கிய சுருக்கத்துக்குக் கை கொடுப்பது. லக்னோவுக்கு அருகே ரஹ்மான்கேராவில் உள்ள மத்திய மிதவெப்ப மண்டலத் தோட்டக்கலை நிறுவனம் காய்ப்பு ஓய்ந்த பழைய மாந்தோப்புகளுக்கு ஒரு முறையைப் பரப்பியது. டிசம்பர், ஜனவரியில் எல்லாப் பெரிய கிளைகளையும் தரையிலிருந்து சுமார் நான்கு மீட்டர் உயரத்தில் மொட்டையாக வெட்டி, வரும் துளிர்களில் சிலவற்றை மட்டும் நிறுத்தி, புது இலைக் கூடாரம் உண்டாக்குவது. இரண்டு மூன்று வருடத்தில் காய்ப்பு திரும்பும். தோப்பு முழுவதும் ஒரே வயது மரங்கள், நாற்பது ஐம்பது வயது, அடிமரம் கெட்டி என்றால் நல்ல முறைதான். அதிலும் மொட்டையடித்த பிறகு தண்டுத் துளைப்பான் என்ற வண்டின் புழு புகுந்து மரம் போவது தெரிந்த ஆபத்து. பொந்து விழுந்த ஒற்றை மரத்துக்கு அந்த முறையை அப்படியே நான் செய்ய மாட்டேன். இலை போனால் மரம் தன் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத்தான் செலவழித்துத் துளிர்க்க வேண்டும். கிழமரத்தின் கையிருப்பு குறைவு. ஒரே தடவையில் எல்லாவற்றையும் செலவழிக்க வைத்துவிட்டால், முதல் வருடம் புசுபுசுவென்று துளிர்த்து உங்களைச் சந்தோஷப்படுத்திவிட்டு இரண்டாம் வருடம் காய்ந்துவிடும். பார்த்திருக்கிறேன்.

எனவே மூன்று தவணை. முதல் வருடம் காய்ந்ததையும், கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவிச் செடியையும் மட்டும் எடுங்கள், அதோடு நடுவில் நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரே ஒரு பெரிய கிளையைக் குறையுங்கள். வெளிச்சம் உள்ளே இறங்கினாலே உறங்கும் மொட்டுகள் விழிக்கும். அடுத்த மழைக்கு என்ன துளிர்த்தது என்று பார்த்து, துளிர் வந்த பக்கத்தில் இன்னொரு கிளை. மூன்றாம் வருடம் மீதி. எந்தக் கட்டத்திலும் பச்சை இலையில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது என் கணக்கு. சிலர் மூன்றில் ஒரு பங்கு வரை போவார்கள். இந்த எல்லையில் கறாரான எண் எதுவும் கிடையாது, மரத்தின் தெம்பைப் பார்த்து முடிவு செய்வதுதான். புல்லுருவியைப் பற்றி ஒரு வார்த்தை: அதன் இலையை மட்டும் ஒடித்துப் போடுவது வீண் வேலை. அது கிளையோடு ஒட்டிய முண்டுக்கு ஓரடி கீழே, மாங்கிளையோடு சேர்த்து வெட்டினால்தான் போகும்.

வெட்டும் இடத்தில்தான் பாதித் தொழில் இருக்கிறது. நடுவில் மொட்டையாக நிறுத்தாமல், வெட்டுகிற கிளையில் மூன்றில் ஒரு பங்கு கனமாவது உள்ள பக்கக் கிளை எங்கே இருக்கிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தப் பக்கக் கிளை சாற்றை இழுத்துக்கொள்ளும், வெட்டுமுனை சாகாது. கிளையை முழுவதும் எடுப்பதாக இருந்தால், அது தாய்மரத்தோடு சேரும் இடத்தில் வளையம்போல் ஒரு புடைப்பு தெரியும், அதைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்ட வேண்டும். மட்டமாகச் சீவினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காயத்தை மூடப் போகிற பட்டையையே எடுத்துவிடுகிறீர்கள். முழ நீளக் கட்டை விட்டால் அது செத்து அழுகல் உள்ளே இறங்க வழியாகும். கனமான கிளைக்கு மூன்று வெட்டு. முதலில் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு, பிறகு கொஞ்சம் தள்ளி மேலிருந்து வெட்டிப் பாரத்தை இறக்குவது, கடைசியாகப் புடைப்புக்கு வெளியே சுத்தமாக ஒரு வெட்டு. முதல் வெட்டைச் சோம்பல்பட்டு விட்டால் கிளை விழும்போது பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு போகும். உங்கள் மரத்தில் அது நேராகப் பொந்துக்குப் போய்ச் சேரும்.

வெட்டிய இடத்தில் பசை பூசலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து 1970களில் காட்டியது இது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு, அதற்கு வெளியே புது மரம் வளர்க்கிறது. பூச்சு எதுவும் உள் அழுகலை நிறுத்தவில்லை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம் ஊர்ப் பரிந்துரைகளோ போர்டோ பசை பூசச் சொல்கின்றன. இரண்டுக்கும் சண்டையில்லை என்று நினைக்கிறேன். பசை பல வருடத்துக்கு மரத்தைக் காக்காது. ஆனால் மாவில் வெட்டுமுனையிலிருந்து பின்னோக்கிக் காய வைக்கும் பூஞ்சணத்தை முதல் சில வாரங்களுக்கு அது தடுக்கும், காயத்தில் வண்டு முட்டையிடுவதையும் ஓரளவு குறைக்கும். அதனால் பூசுவேன். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர். இரண்டையும் பாதிப் பாதித் தண்ணீரில் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்பு வாளி கூடாது. கலக்கியதில் ஒரு கத்தியை ஒரு நிமிடம் நனைத்து எடுங்கள். அலகில் செம்பு படிந்து செந்நிறமாகத் தெரிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றன்றைக்குக் கலக்கி அன்றே பூசிவிட வேண்டும். தார், பெயின்ட், பழைய என்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம். புதிதாக வெயில் படும் பெரிய வாதுகளின் மேல்பக்கத்துக்கும் மேற்குப் பக்கத்துக்கும் வெறும் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். இத்தனை வருடம் நிழலில் இருந்த பட்டை சேலத்துச் சித்திரை வெயிலில் வெடித்துவிடும்.

எப்போது வெட்டுவது என்பதிலும் லக்னோ கணக்கை அப்படியே எடுக்க முடியாது. அங்கே குளிர் முடிந்து வசந்தத்தில் துளிர் வரும். இங்கே ஜனவரியில் வெட்டினால் இளந்துளிர் நேராகக் கோடையில் மாட்டிக்கொள்ளும், மரம் பூத்திருந்தால் அதுவும் போச்சு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் மாமரத்தின் உள்கிளைக் கவாத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பரைச் சொல்கிறது. நான் காய் இறக்கியவுடன், ஆடி மாதத்தில் தொடங்குவேன். நமக்கு ஆவணியிலிருந்து ஐப்பசி வரை மழை இருக்கும், துளிர் முற்றிவிடும். இதற்கும் ஒரு விலை உண்டு. துளைப்பான் வண்டு வெளியே வந்து முட்டையிடுவதும் மழைக்காலத்தில்தான். அதனால்தான் ஒரே மூச்சில் நிறையக் காயம் கூடாது என்கிறேன்.

துளைப்பானை மட்டும் வாரம் ஒரு தடவை தேடுங்கள். அடிமரத்தைச் சுற்றி, வாதுகளின் கவட்டையில், ஈரமான மரத்தூள் கொட்டியிருந்தால் மேலே துவாரம் இருக்கும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டுப் புழுவை இழுத்துப் போடுவது பழைய முறை, இன்றைக்கும் அதுதான் நல்ல முறை. பழைய கையேடுகளில் டைகுளோர்வாஸ் நனைத்த பஞ்சை அடைக்கச் சொல்லியிருக்கும். அது 2020 முடிவோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. வேறு மருந்து வேண்டுமென்றால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இப்போதைய பரிந்துரையைக் கேட்டு வாங்குங்கள். துளிர் வந்த பிறகு இன்னொரு ஆள் வருவான்: மரத்தடியில் இளம் இலைகள் கத்தரியால் நேராக வெட்டியதுபோல் துண்டு துண்டாக விழுந்து கிடந்தால் அது இலை வெட்டும் வண்டு. விழுந்த இலைத் துண்டுகளில்தான் அதன் முட்டை இருக்கும், உடனே கூட்டி எரித்துவிடுங்கள். பாதித் தொல்லை அதோடு தீரும்.

வெட்டிய இடத்தில் துளிர்கள் கொத்தாக இருபது முப்பது வரும். அத்தனையும் பட்டைக்குச் சற்று உள்ளே பிறந்தவை, பிடிப்பு குறைவு, காற்றுக்குப் பிய்ந்துவிடும். முதல் ஆறு மாதம் தொடாதீர்கள், மரத்துக்கு இலை வேண்டும். அப்புறம் வெளிப்பக்கம் பார்த்து வளரும் எட்டுப் பத்தை விட்டு மீதியை எடுங்கள். அடுத்த வருடம் அவற்றிலும் நான்கைந்தை மட்டும் நிறுத்தினால் போதும். பூ வருவது முற்றிய தளிரின் நுனியில்தான் என்பதால் அந்தக் கிளையில் இரண்டு வருடம் காய் எதிர்பார்க்காதீர்கள். ஒன்றிரண்டு துளிரில் இமாம்பசந்தோ செந்தூராவோ ஒட்டிக்கொள்ள ஆசைப்பட்டால் அதற்கும் இது நல்ல சமயம்.

பொந்துக்கு வருகிறேன். பொந்து விழுந்ததால் மரம் விழுந்துவிடும் என்று இல்லை. தண்ணீர் ஏறுவது பட்டையை ஒட்டிய வெளிமரத்தில், நடுக்கட்டை போனாலும் மரம் உயிரோடு இருக்கும், குழாய்போல் நின்றும் விடும். பொந்தைச் சுற்றி மிஞ்சிய சுவர்க் கனம் அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் ஆபத்து என்று ஒரு கணக்கு வெளிநாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அதை எல்லா மரத்துக்கும் பொருத்துவதை நிபுணர்களே ஒப்புக்கொள்வதில்லை. மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்த்து, டொக்கு விழும் (உள்ளே காலியாக ஒலிக்கும்) பகுதி எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடியில் வேரோடு சேரும் இடத்தில் காளான் முளைத்திருந்தால் அதுதான் கவலைக்குரியது. வீடோ மாட்டுக்கொட்டகையோ மின்கம்பியோ கிளைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் ஆள் வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். பொந்தில் சிமென்ட் அடைப்பது ஒரு காலத்தில் எல்லோரும் செய்த வேலை, இப்போது கைவிடப்பட்டது. மரம் காற்றில் அசையும், சிமென்ட் அசையாது. இடுக்கில் ஈரம் தங்கி அழுகல் கூடும். உளுத்ததைச் சுரண்டி எடுப்பதும் தண்ணீர் வடிய ஓட்டை போடுவதும் மரம் எழுப்பிய உள்சுவரை நாமே உடைப்பதாகும். அப்படியே விடுங்கள். புள்ளி ஆந்தை குடியிருந்தால் இன்னும் நல்லது, தோப்பில் எலி குறையும்.

தரையில் செய்ய வேண்டியது எளிது. கிளை விரிந்த எல்லை வரை உழவு வேண்டாம், மாங்கிளைச் சருகையே நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள், அடிமரத்தை ஒட்டாமல். மழை தொடங்கியதும் மக்கிய தொழுவுரம் ஐம்பது கிலோ, அடிமரத்தடியில் கொட்டாமல் வெளிவட்டத்தில் போடுங்கள். கவாத்து செய்த வருடம் யூரியாவை அள்ளிப் போட்டுத் துளிரை விரட்டாதீர்கள், வரும் துளிர் வெளிறி, பூச்சிக்குத்தான் விருந்தாகும். உங்கள் தோட்டம் மலையடிவாரத்தில் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: நிலம் ஏற்காட்டுக்கு ஏறும் கொட்டச்சேடு வழியில் மேலே, மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட கிராமத்துக்குள் வந்தால், அங்கே மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெரிய கிளையில் கை வைக்கும் முன் வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஆள் விஷயம். "கூலி வேண்டாம், கட்டையை எடுத்துக்கொள்கிறோம்" என்று செயின்சாவோடு வருபவர்கள் உண்டு. மாங்கட்டைக்குப் பெட்டிப் பலகை செய்பவர்களிடம் விலை இருக்கிறது, அதனால் காய்ந்த மிலாறை விட்டுவிட்டு உயிருள்ள பருத்த வாதுக்குத்தான் அவர்கள் வாள் போகும். வெட்ட வேண்டிய இடத்தில் நீங்களே முந்தின நாள் சுண்ணாம்பால் கோடு போட்டு வையுங்கள், கூலியைப் பணமாகப் பேசிக்கொள்ளுங்கள், அவர்கள் வேலை செய்யும்போது சித்தப்பாவை மரத்தடியில் நிறுத்தி வையுங்கள்.